மாரி, சீனி

1952ஆம் ஆண்டு. அம்மா மலாயாவில் ரப்பர் தோட்டத்துக்கு வந்து மூன்றாம் நாள். அப்பா விடியுமுன்னே பால் வெட்டப் போய்விட்டார். தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் அம்மா தனியாக உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 17. முள்வேலிக்கு அந்தப் பக்கம், கம்பம் எனப்படும் மலாய்க் கிராமத்துச் சாலையில், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு மலாய்ப் பெண் நின்றார். அம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். “மாரி! மாரி சினி!”

அம்மாவின் பெயர் மாரியில்தான் தொடங்கும். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், சீனி கேட்கிறார், அம்மாவுக்குப் புரிந்தது அவ்வளவுதான். முன்பின் தெரியாதவருக்குத் தன் பெயர் எப்படித் தெரிந்தது என்று கொஞ்சம் திகைத்தாராம். புது மருமகள் வந்த சேதி ஊர் முழுக்கப் பரவியிருக்கும் என்று தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டார். உள்ளே போய் ஒரு கொட்டாங்கச்சி நிறையச் சீனி அள்ளிவந்து, முள்கம்பி இடுக்கு வழியே பார்த்துப் பதமாக நீட்டினார்.

மலாய் மொழியில் ‘மாரி சினி’ என்றால் ‘இங்கே வா’ என்று பொருள். கூடையிலிருந்த வாழைப்பழத்தை விற்கக் கூப்பிட்டிருக்கிறார் அந்த அம்மாள்.

ஆனால் அவர் சீனியை வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் அதே கொட்டாங்கச்சியில், வாழையிலையில் மடித்து அவித்த தேங்காய்ப் பலகாரம் நான்கு வந்தது. அன்றுமுதல் அம்மாவுக்கு அவர் ‘சீனிக்கா’. அவருடைய சொந்தப் பெயர் எனக்கே வெகுநாள் தெரியாது. அவர் சாகும்வரை, 40 ஆண்டுக்கு மேலாக, எங்கள் வீட்டில் அவர் சீனிக்காதான்.

எனக்கு இப்போது 66 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்று, மலேசியாவின் பத்து காஜாவில் தாமான் எனப்படும் ஒரு குடியிருப்பில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மாவுக்கு 89 முடிந்துவிட்டது. மலாயாவுக்குப் பிழைக்க வந்த தமிழர் கதை என்றால் எல்லாரும் எழுதுவது அட்டைக்கடியும் மலேரியாவும் கங்காணியின் அதட்டலும்தான். அவை நடந்தவை, எழுதத்தான் வேண்டும். அதே லயத்தில் சிரிப்பும் இருந்தது. வயிறு வலிக்கச் சிரித்த சிரிப்பு. அதைப் பெரும்பாலும் உண்டாக்கியவர்கள் அம்மாக்கள். அந்தச் சிரிப்பு எழுதப்படாமலே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் என் கவலை.

அம்மாவின் ஊர் பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கிராமம். அப்பா தோட்டத்திலிருந்து ஊருக்கு வந்து கல்யாணம் முடித்து, கையோடு கூட்டிவந்துவிட்டார். நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. கடலுக்குள் நங்கூரம் போட்டு நிற்கும் ‘ரஜூலா’வுக்குப் படகில் போய் ஏற வேண்டும். 1926இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று மலாயாத் தமிழர்களில் பல தலைமுறையை ஏற்றி இறக்கியது. அம்மா கொண்டுவந்தது ஒரு தகரப்பெட்டி. அதற்குள் நான்கு சேலை, ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாய், ஒரு படி உளுந்து, சேலை முந்தியில் முடிந்த முருங்கை விதை. பினாங்கில் இறங்கியதும் தோளில் அம்மை குத்திய தழும்பைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விட்டார்கள். முந்தியில் என்ன முடிச்சு என்று யாரும் கேட்கவில்லை.

பிறைக்குப் படகு, பிறையிலிருந்து ரயில். பத்து காஜா என்றால் யானைக்கல் என்று வழியில் அப்பா சொல்லிக்கொடுத்திருக்கிறார். பத்து என்றால் கல், காஜா என்றால் யானை, நம் ‘கஜம்’தான் அது. யானை உருவில் இருந்த கற்களால் வந்த பெயர் என்பார்கள். அம்மா தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தார். யானை இருந்தால் கோயில் இருக்கும், கோயில் இருந்தால் குளம் இருக்கும், குளம் இருந்தால் நாலு பொம்பிளைகள் இருப்பார்கள், பேச்சுத்துணைக்குப் பஞ்சமில்லை. ரயிலடியில் இறங்கிப் பார்த்தால் யானையைக் காணோம். லோரியும் துப்பாக்கி பிடித்த காவல்காரர்களும்தான் இருந்தார்கள்.

அது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை, காட்டுக்குள்ளிருந்த கம்யூனிஸ்டுப் படைக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் நடந்த சண்டையை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். காட்டிலிருப்பவர்களுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று, லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு வாசலில் காவல் வைத்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வேலிக்கு வெளியே சாப்பாடு கொண்டுபோகக் கூடாது. இரண்டே மாதத்தில் அம்மாவும் பால் வெட்டப் போனார். ஒரு நாள் வாசலில் காவல்காரர் அம்மாவின் இடுப்புச் சுருக்குப்பையைக் காட்டி, “அப்பா?” என்றார்.

மலாயில் ‘அப்பா’ என்றால் ‘என்ன?’ என்று கேள்வி.

“அப்பா ஊர்ல இருக்காரு” என்றார் அம்மா.

காவல்காரர் மறுபடி பையைத் தட்டி, “இத்து அப்பா?” என்றார். அது என்ன என்கிறார். இது அப்பாவா என்று கேட்பதாக அம்மாவுக்குப் பட்டது. “பைக்குள்ள எப்படிய்யா அப்பா இருப்பாரு? வெத்திலைதான் இருக்கு” என்று பையைத் திறந்து கொட்டினார். வரிசையில் நின்ற தமிழாட்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காவல்காரருக்கு விஷயத்தைப் புரியவைத்ததும் அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா வாசலுக்கு வந்தாலே அவர் “அப்பா சுகமா?” என்று தமிழில் கேட்பாராம். யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஊரிலிருந்த தாத்தாவின் உடல்நலத்தைத் துப்பாக்கிக்காரர் தினமும் விசாரித்த கதை இது.

தோட்டம் தமிழில்தான் நடந்தது என்பதை வெளியூர் வாசகருக்குச் சொல்ல வேண்டும். கங்காணி தமிழர், கணக்கு எழுதும் கிராணி தமிழரோ மலையாளியோ. வெள்ளைக்காரத் துரைமார்கூட தமிழ் படித்துத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. அதனால் ஆண்கள் மலாய் தெரியாமலே பல ஆண்டு காலம் தள்ள முடிந்தது. பெண்களால் முடியவில்லை. வேலிக்கு வெளியே மீன் விற்க வருகிறவர், மளிகைக் கடைச் சீனர், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மருத்துவமனையில் மருந்து கொடுக்கிறவர், இத்தனை பேரோடும் பேச வேண்டியவர்கள் அவர்கள்தான். பள்ளிக்கூடம் இல்லை, புத்தகம் இல்லை. காதில் விழுந்ததைத் தமிழாகக் கேட்டுத் தமிழாகவே திருப்பிச் சொல்லி மொழியைப் பிடித்தார்கள்.

ஆண்கள் தோட்டத்தில் பேசிய தமிழும் ஊர்த்தமிழ் இல்லை. விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் இடம் பெரட்டுக்களம். ஆளுக்கு ஒதுக்கிய மரங்கள் நிற்கும் காடு தீம்பார். மரத்தில் பால் வடியும் கிண்ணம் மங்கு, மலாய் ‘மாங்கோக்’கிலிருந்து வந்தது. பால் வாளிகளைத் தோளில் தொங்கவிடும் கம்பு காண்டா. பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் ஆயாக்கொட்டகை. ஒருவருக்கு 400, 500 மரம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதனால் இருட்டில் தலைவிளக்கு கட்டிக்கொண்டு ஓட வேண்டும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், உளி ஆழமாக இறங்கினால் மரம் காயப்படும். அம்மா 30 ஆண்டு அந்த வேலை செய்தார். அவர் வலது கட்டைவிரல் இன்றும் உளி பிடித்த வாக்கில் கொஞ்சம் உள்வாங்கித்தான் இருக்கிறது. பேனா பிடித்துப் பழகாத அந்த விரல், என் தலையில் பேன் பார்க்கும்போது எவ்வளவு மென்மையாக ஓடும் என்பது எனக்குத்தான் தெரியும்.

வந்த முதல் ஆண்டில் அப்பா சைக்கிளில் அம்மாவை தஞ்சோங் துவாலாங் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குக் கூட்டிப்போனார். எங்கள் கிந்தா பள்ளத்தாக்கு அப்போது ஈயத்துக்குப் பேர்போனது. குளம் வெட்டி, அதில் மூன்று மாடிக் கட்டடம்போல ஓர் இயந்திரத்தை மிதக்கவிட்டு, அடிமண்ணைத் தோண்டி ஈயம் அலசுவார்கள். மலாய்க்காரர்கள் அதற்குச் சொல்லும் பெயர் ‘கப்பால் கோரேக்’, தோண்டும் கப்பல். அப்பா அந்தப் பெயரைச் சொன்னதும் அம்மாவுக்கு ‘கப்பல்’ மட்டும் கேட்டது. சைக்கிளிலிருந்து குதித்து இறங்கிவிட்டார். “இது எப்ப கெளம்பும்? நாகப்பட்டினம் போகுமா?”

அப்பா சிரித்திருக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. அது குளத்தைவிட்டு எங்கும் போகாது என்று தெரிந்ததும், அங்கேயே ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதாராம். அப்பா சைக்கிளைப் பிடித்தபடி நின்றாராம். பிறகு அம்மாவே எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, “சரி, இதுவும் என்னை மாதிரி இங்கனயே கெடக்கட்டும்” என்று சொல்லிப் பின்சீட்டில் ஏறினார். அப்படிப்பட்ட கப்பல்களில் ஒன்று, 1938இல் கட்டிய 4,500 டன் எடையுள்ள 5ஆம் எண் ஈயக்கப்பல், 1982 வரை வேலை செய்து, இன்று அதே சாலையோரம் காட்சிப்பொருளாக நிற்கிறது. பேரப்பிள்ளைகள் வரும்போதெல்லாம் அம்மா அதைக் காட்டக் கூட்டிப்போகச் சொல்வார். “இதுலதான் நான் ஊருக்குப் போறதா இருந்துச்சு” என்பார். பிள்ளைகள் சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் தோட்டம் கோப்பெங் போகும் சாலைப் பக்கம். அதே சாலையில்தான் கெல்லி துரையின் மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் கட்டத் தொடங்கியது. செங்கல்லும் கட்டுகிற ஆட்களும் சென்னையிலிருந்து வந்தார்கள். ஸ்பானியக் காய்ச்சல் பரவித் தொழிலாளர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று ஆட்கள் கேட்க, துரை கட்டிக்கொடுத்தார். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை முடியாமலே நின்றுவிட்டது. கோயில் நிலைத்தது. நன்றிக்காக ஆட்கள் கோயில் மேல்தளத்தில் சாமிகளுக்குப் பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் தொப்பியுமாகத் துரையையும் சிலையாக நிற்கவைத்தார்கள்.

அம்மா முதன்முதல் கும்பிடப் போனபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த கிழவியிடம் கேட்டார்.

“ஆத்தா, அது என்ன சாமி?”

“அது சாமி இல்லடி. தொர.”

“சாமிகூட நிக்கிறவரு தொப்பியக் கழட்ட வேணாமா?”

கிழவி ஆயிரம் தடவை அந்தக் கோயிலுக்கு வந்தவர். அன்றுதான் அந்தத் தொப்பியைக் கவனித்தாராம். இன்று சுற்றுலாப் பயணிகள் மாளிகையைப் பார்க்க வருகிறார்கள், கோயில்வரை வருகிறவர்கள் குறைவு. மாளிகையைவிட அந்தக் கோயில் மேல்தளம்தான் எங்கள் கதையைச் சொல்கிறது என்பேன்.

சந்தைக்கு வருவோம், அம்மாவின் மொழிப் பள்ளி அதுதான். மலாயில் ‘இனி’ என்றால் இது. ‘இத்து’ என்றால் அது. தமிழ்க் காதுக்கு இதைவிடப் பெரிய சோதனை கிடையாது. அம்மா பக்கத்திலிருக்கும் கெண்டையைத் தொட்டு “இது” என்பார். மீன்காரர் ‘இத்து’ என்று எடுத்துக்கொண்டு தூரத்திலிருக்கும் மீனைத் தூக்குவார். “அது இல்ல, இது, இது!” என்று அம்மா குரலை உயர்த்த, அவர் இன்னும் தள்ளியிருக்கும் மீனைத் தூக்குவார். கடைசியில் பக்கத்து மீனைக் காட்டி “இனி?” என்பார். “இனி என்ன இனி, இப்பவே குடு” என்பார் அம்மா. இருவருமே தங்கள் தங்கள் மொழியில் சரியாகத்தான் பேசினார்கள்.

சீனர் கடையில் இன்னொன்று. கடை முதலாளிக்கு ‘தவுக்கே’. முளைப்பயிறுக்கு ‘தவுகே’. ஈப்போ வட்டாரத்துத் தவுகே நாடு முழுக்கப் பேர்பெற்றது, கொழுகொழுவென்று இருக்கும். அம்மா நீட்டிக் குறைத்துச் சொல்வதில் இரண்டும் ஒன்றாகிவிடும். “தவுக்கே, தவுக்கே இருக்கா?” என்று கேட்டால், முதலாளி தன் நெஞ்சைத் தொட்டு, இதோ நான்தானே என்று நிற்பார். அம்மா மூன்றாம் தடவையும் கேட்டால் அவர் சலிப்பில் “ஐயா!” என்பார். அது சீனர்கள் ‘அட கஷ்டமே’ என்பதற்குச் சொல்வது. அம்மா வீட்டுக்கு வந்து அப்பாவிடம் மனம் நிறைந்து சொன்னார்: “கடைக்காரரு மரியாதை தெரிஞ்சவரு. வாய்க்கு வாய் ஐயாங்கறாரு.” அப்பா திருத்தவில்லை. திருத்தாமல் விட்டதற்காக அப்பாவை எனக்கு இன்றும் பிடிக்கும்.

பிற்பாடு பள்ளியில் பாடம் நடத்தும்போது இந்தக் கதைகளைத்தான் எடுத்துச் சொல்வேன். மலாய்க்காரர் சொல்லும் கப்பால், கெடாய், காத்தில், பெத்தி, திராய் எல்லாம் நம் கப்பலும் கடையும் கட்டிலும் பெட்டியும் திரையும்தான். பல நூறு ஆண்டு வணிகத்தில் போய்ச் சேர்ந்தவை. நம் ‘குளம்’ அங்கே ‘கோலாம்’. நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது ஈப்போவில் நீச்சல் குளத்துப் பலகையை ‘கோலாம் ரெனாங்’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தேன். அம்மா வாசலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “எங்கடி கோலம்? சாணியே தெளிக்காமக் கெடக்கு” என்றார். மாணவர்கள் அந்தச் சொல்லை வாழ்நாளில் மறக்கமாட்டார்கள். இலக்கணத்தில் சொல்லியிருந்தால் மறுநாளே மறந்திருப்பார்கள்.

சமையலறையில் சீனிக்காவின் கை உண்டு. அவர் கொண்டுவந்த பெலாச்சான், சிறு இறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த கட்டி. அதைத் தணலில் சுட்டபோது லயத்தில் ஏதோ செத்துக் கிடக்கிறது என்று அம்மா தேடியிருக்கிறார். பதிலுக்கு அம்மா நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவைத்தபோது சீனிக்கா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஆளுக்கு ஒரு வாய் தின்று பார்த்த பிறகு இருவரும் சமாதானம். அம்மாவின் கருவாட்டுக் குழம்பை இப்போது நான் செய்கிறேன். வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம் வதக்கி, புளி ஊற்றுவதற்கு முன் சுட்ட பெலாச்சான் சுண்டைக்காய் அளவு உடைத்துப் போட வேண்டும். ஒரு பண்டான் இலையை முடிச்சுப் போட்டு இறக்க வேண்டும். பேராவூரணியில் இந்தக் குழம்பு கிடையாது, கம்பத்திலும் கிடையாது. எங்கள் வீட்டில்தான் உண்டு.

1978இல் ‘எம்.வி. சிதம்பரம்’ கப்பலில் அம்மா முதன்முறையாக ஊருக்குப் போனார். 26 ஆண்டு கழித்து. மாமாவைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “பசியாறிட்டியா?” எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுதல். மாமாவுக்கு விளங்கவில்லை. “பட்டினி கெடந்தேன்னு யாரு சொன்னா?” என்று கோபித்துக்கொண்டார். கடைக்குப் போகிறேன், அஞ்சு வெள்ளி கொடு என்று கேட்டதும் அம்மாவின் தங்கச்சி வெள்ளிக் கொலுசைத் தேடினார். நாங்கள் ரிங்கிட்டை வெள்ளி என்போம். ஊரில் அம்மாவுக்கு ‘மலாயாக்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே அவர் ‘ஊர்க்காரி’. இரண்டு பெயரையும் அவர் நகைபோலப் போட்டுக்கொண்டு நடந்தார். அதற்கு ஒரு மனபலம் வேண்டும், எனக்கு அது வராது.

அம்மாவின் அடையாள அட்டை அப்போது சிவப்பு. நிரந்தரமாகத் தங்கலாம், குடியுரிமை கிடையாது என்பதற்கான நிறம். குடிமக்களுக்கு நீலம். 1957இல் சுதந்திரம் வந்த பிறகு முதல் ஓராண்டு மலாய்த் தேர்வு இல்லாமலே விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது. அந்த ஆண்டில் நான் அம்மா வயிற்றில் இருந்தேன். “அட்டை எந்த நெறமா இருந்தா என்ன, பாலு வெள்ளைதானே” என்று அப்பா விட்டுவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தின் விலை பிறகுதான் தெரிந்தது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர் வேலைசெய்ய பெர்மிட் வேண்டும் என்றானபோது, எங்கள் லயத்திலிருந்தே மூன்று குடும்பம் கப்பலேறிப் போய்விட்டது. அம்மாவோடு பெரட்டுக்கு நின்ற பெண்கள். அவர்கள் போன அன்று அம்மா எந்தச் சிரிப்புக் கதையும் சொல்லவில்லை.

பின்னாளில் அம்மா விண்ணப்பித்தார். ஓர் அலுவலகத்தில் மலாய் போதாது என்று இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் தடவை, 2010இல், மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இளைஞர். பெயர், ஊர் எல்லாம் கேட்டுவிட்டு, “நெனெக், கெர்ஜா அப்பா?” என்றார். பாட்டி, என்ன வேலை செய்தீர்கள் என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதே ‘அப்பா’, 58 ஆண்டு கழித்து.

அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “சாயா போத்தோங் கெத்தா. தீகா பூலோ தாவுன்” என்றார். நான் ரப்பர் வெட்டினேன், முப்பது ஆண்டு. உளி பிடிக்கும் விரலையும் மடக்கிக் காட்டினார். யார் மலாய் கற்றுக்கொடுத்தது என்று அந்தப் பையன் கேட்டார். “சீனிக்கா.” சீனியா, என்றார் அவர், தன்னிடம் சர்க்கரைக் கதை என்னத்துக்கு என்ற முகத்தோடு. அம்மா விடுவாரா? 1952இல் தொடங்கி, வேலி, கொட்டாங்கச்சி, பலகாரம் என்று தன் சந்தை மலாயில் முழுக் கதையும் சொல்லி முடித்தார். பக்கத்து மேசைக்காரர்களும் எழுந்து வந்து கேட்டார்கள். அந்தப் பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சில மாதத்தில் நீல அட்டை வந்தது. அதைக் காட்டியதும் கடப்பிதழ் கொடுத்தார்கள், அதன் நிறம் சிவப்பு. “நெறத்துல இவங்க ஒரு முடிவுக்கே வரமாட்டாங்க போல” என்றார் அம்மா. 2018 மே 9ஆம் தேதி, 83 வயதில், முதன்முதலாக வாக்களித்தார். விரல் மையைக் கழுவவிடாமல் இரண்டு நாள் கையைத் தூக்கிக்கொண்டே குளித்தார்.

கடப்பிதழ் வந்த கையோடு ஒரு பயணமும் நடந்தது. என் மகன் மெல்பர்னில் இருக்கிறான், அவனுக்குக் குழந்தை பிறந்தது. அம்மா பை கட்டினார். ஈப்போ புந்தோங்கில் வாங்கிய முறுக்கும் கச்சான் பூத்தேயும், வீட்டுக் கறிவேப்பிலை, பழையபடி சேலை முந்தியில் முருங்கை விதை. நான் பயணிகள் அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். மெல்பர்ன் விமான நிலையத்தில் மோப்பம் பிடிக்கும் ஒரு சின்ன நாய் வந்து பைக்குப் பக்கத்தில் சாதுவாக உட்கார்ந்தது. அம்மா குனிந்து, “உனக்கும் பசியாறலையா?” என்று கேட்டார். அதிகாரி கறிவேப்பிலையையும் விதையையும் எடுத்துவைத்தபோது, “தலமுடிக்கு நல்லது” என்று தமிழிலேயே விளக்கினார். அந்த அதிகாரி அதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டுத்தான் தொட்டியில் போட்டார். 1952இல் அதே முந்தியில் வந்த விதை, எங்கள் லயத்துக்குப் பின்னால் மரமாகி, அதன் போத்துகள் ஒவ்வொரு வீட்டுக்கும் போய், இப்போது இந்தத் தாமானிலும் என் வாசலில் நிற்கிறது.

2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யம் பக்கம் கரையேறிய புயலுக்குப் பெயர் கஜா. பேராவூரணித் தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்ததைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அம்மா சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். “நம்ம ஊரு பேரயா வச்சாங்க, அந்த ஊரச் சாய்க்க?” என்றார். வெகுநேரம் கழித்து, “ரெண்டும் என் ஊருதானே” என்றார். அன்றிரவு அவர் சாப்பிடவில்லை.

எங்கள் லயம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீடுகள் வந்தன. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கார் நிற்கிறது. தோட்டத்தைப் பற்றி நாவல்கள் உண்டு. அகிலனே வந்து பார்த்துவிட்டு ‘பால் மரக்காட்டினிலே’ எழுதினார். முரசு நெடுமாறன் நூறாண்டு மலேசியக் கவிதைகளைக் களஞ்சியமாகத் தொகுத்துவைத்தார். அம்மாக்கள் பேசிய மலாய் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவர்கள் வாயில் மட்டும்தான் இருக்கிறது. பள்ளியில் மீந்துபோன இரண்டு 80 பக்க நோட்டில் நான் எழுதிவருகிறேன். சொல், அம்மா அதை எப்படிக் கேட்டார், யாரிடம், எந்த இடத்தில், யார் சிரித்தார்கள். முதல் நோட்டு முடிந்துவிட்டது. அம்மாவுக்கு இப்போது சில பெயர்கள் நழுவத் தொடங்கியிருக்கின்றன. சீனிக்காவின் பெயர் இன்னும் நழுவவில்லை.

கிந்தா பள்ளத்தாக்கானாலும் சரி, கிள்ளானானாலும், கோலாலம்பூரானாலும் சரி, உங்கள் வீட்டில் கப்பலில் வந்த ஒரு பாட்டி இருந்தால், பேத்தியிடம் தொலைபேசியைக் கொடுத்துப் பதிவுசெய்யச் சொல்லிவிட்டு நீங்கள் எழுந்துபோய்விடாதீர்கள். நீங்களே பக்கத்தில் உட்காருங்கள். கடைக்காரர் என்ன சொன்னார், அவர் என்ன நினைத்துக்கொண்டார் என்று கேளுங்கள். கேட்டதைத் தேதி போட்டு எழுதிவையுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.